இரண்டு மூட்டைக் கந்தகம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் ஆய்வகத் தலைவர் என்னை ஜன்னலோரம் அழைத்துச் சென்று வெளியே நின்ற டேங்கர் லாரியைக் காட்டினார். பன்னிரண்டாயிரம் லிட்டர் டீசல். "அதில் கந்தகம் எவ்வளவு இருக்கும், சொல்லு" என்றார். படித்ததை நினைவுபடுத்திக்கொண்டு, "ஒரு சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், சார்" என்றேன். "சதவீதத்தை யார் கேட்டார்கள்? எவ்வளவு என்று கேட்டேன்" என்றார்.

விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் டீசல் ஏறக்குறைய பத்து டன் இருக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு, நூறு கிலோ. "ஆக, இரண்டு சிமெண்ட் மூட்டை" என்றார் அவர். "டிரைவருக்கே தெரியாமல் இரண்டு மூட்டைக் கந்தகம் லாரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அத்தனையும் புகையாகி யார் யார் மூக்கிலோ போகப்போகிறது. இனி நீ பிபிஎம், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, என்று பேசும்போதெல்லாம் இந்த மூட்டையை நினைத்துக்கொள்."

அது 1989. வட சென்னையில் ஒரு சிறிய தனியார் எரிபொருள் ஆய்வகம். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளும் நான் அங்கே செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், அந்த இரண்டு மூட்டை இளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1996இல் ஒரு மூட்டையாயிற்று. 2000 வாக்கில் அரை மூட்டை, அதாவது 25 கிலோ. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்த அரசு கட்டம் கட்டமாக வகுத்த விதிகளில் பாரத் ஸ்டேஜ் 2 வந்தபோது ஐந்து கிலோ. அடுத்த கட்டத்தில் மூன்றரைக் கிலோ. 2010இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்ததும் அரைக் கிலோ. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6. அதே லாரி, அதே பன்னிரண்டாயிரம் லிட்டர், கந்தகம் நூறு கிராம். டீக்கடைக்காரர் ஒரு பொட்டலம் சர்க்கரை மடித்துக் கொடுப்பாரே, அவ்வளவுதான்.

மீதி எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தும்போது நானும் கேட்பதில்லை. ஆனால் கேள்வி மனத்தின் ஓரத்தில் கிடந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஆய்வகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலி. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும்: முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்த முத்துக்கிருஷ்ண முதலியார் 'மணலி' முதலியார்தான். இன்று மணலி என்றால் சென்னைவாசிக்கு நினைவுக்கு வருவது புகைபோக்கி உச்சியில் எரியும் தீ. 1965இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் அங்கேதான் எழுந்தது. பங்கு 74, 13, 13 சதவீதம். இருபத்தேழு மாதங்களில், 43 கோடி ரூபாயில் கட்டி முடித்து 1969இல் ஓடத் தொடங்கியது. அன்றைய கொள்ளளவு ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று ஒரு கோடியே ஐந்து லட்சம் டன். இடையில் 2000இல் பெயர் மாறி சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆயிற்று. பிறகு இந்தியன் ஆயில் குடும்பத்தில் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'எம்ஆர்எல்' என்றுதான் சொல்வார்கள். பஸ் நடத்துநரிடமும் அப்படியே கேட்பார்கள்.

நான் அந்த ஆலையின் ஊழியன் அல்ல. எரிபொருளைச் சோதித்துச் சீட்டு எழுதும் வெளியாள். ஆனால் ஓர் ஆலை கிழடு தட்டுவதையும், அதை ஓடவிட்டுக்கொண்டே புதுப்பிப்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதிலுள்ள சிக்கலை, புதிய ஆலை கட்டுகிறவர்கள்கூட முழுதாக உணர்வதில்லை என்று நினைக்கிறேன். கூட்டுக்குடும்பம் குடியிருக்கும் பழைய வீட்டில், அடுப்பை அணைக்காமல், யாரையும் வெளியே அனுப்பாமல், அஸ்திவாரத்தை மாற்றச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

முதலில் பழைய ஆலை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் வடிவமைத்த ஆலைக்குக் கொடுத்த வேலை எளிமையானது: கச்சா எண்ணெயைச் சூடாக்கு, உயர்ந்த கோபுரத்தில் ஆவியாக ஏற்று, எது எந்த உயரத்தில் குளிர்கிறதோ அதை அங்கே பிடித்துக்கொள். உச்சியில் வாயு, அதற்குக் கீழே பெட்ரோலுக்கு மூலப்பொருளான நாப்தா, மண்ணெண்ணெய், டீசல், அடியில் பிசுபிசுப்பான வண்டல். மணலி ஆலை ஈரானின் டாரியஸ் வயலிலிருந்து வரும் எண்ணெயை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அந்த எண்ணெயில் இருந்த கந்தகம், பிரிந்து வரும் ஒவ்வொரு பொருளிலும் தன் பங்குக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. டீசலில் ஒரு சதவீதம் இருக்கலாம் என்று விதியே சொன்னது. அடி வண்டல் பர்னஸ் ஆயிலாகப் போகும். கப்பலுக்கும் கொதிகலனுக்கும் அது போதும்.

பிறகு டெல்லியின் காற்று நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவு போட, 1995இல் பெருநகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் போனது. கந்தகத்தின் கதை அங்கேதான் சூடு பிடித்தது. நவீன வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கிக்குக் கந்தகம் விஷம். அதன் மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே நல்ல வண்டி வேண்டுமானால் முதலில் நல்ல எண்ணெய் வேண்டும். பந்து ஆலையின் பக்கம் வந்து விழுந்தது.

கந்தகத்தை எண்ணெயிலிருந்து எப்படி எடுப்பது? வடிகட்ட முடியாது. அது தூசியாக மிதக்கவில்லை. மூலக்கூறுக்குள்ளேயே கரியோடு கைகோத்து நிற்கிறது. அந்தக் கையை விலக்க ஹைட்ரஜன் வேண்டும். டீசலைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி, லாரி டயருக்குள் இருப்பதைப் போல எட்டு, பத்து மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து, கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய அலுமினா மணிகள் நிறைந்த ரியாக்டருக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே கந்தகம் கரியை விட்டு ஹைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்போமே, அதே வாயு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. புதிதாக நிரப்பிய வினையூக்கி மணிகள் அப்படியே வேலை செய்யாது. அவற்றுக்கு முதலில் கந்தகத்தை ஊட்ட வேண்டும். அதற்கென்றே டைமெத்தில் டைசல்பைடு என்ற, ஊரையே கூட்டும் நாற்றமுடைய திரவத்தை எண்ணெயில் கலந்து அனுப்புவார்கள். உலோக ஆக்சைடு உலோக சல்பைடாக மாறிய பிறகே அது கந்தகத்தை அகற்றும் பணியில் இறங்கும். கள்ளனைப் பிடிக்கக் கள்ளனையே காவலுக்கு வைத்த கதை.

ஐந்து கிலோவை அரைக் கிலோவாக்குவது ஒரு வேலை. அரைக் கிலோவை நூறு கிராமாக்குவது முற்றிலும் வேறு வேலை. வெளியில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். பத்தில் ஒன்பது பங்கை எடுத்தவர்களுக்கு மீதியை எடுக்க என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். தலைவாரி விட்ட அம்மாக்களுக்கு இது தெரியும். பேனைச் சீப்பால் இழுத்துவிடலாம். ஈரை எடுக்கத் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மயிராக உருவ வேண்டும். டீசலில் எளிதில் உடையும் கந்தகக் கூட்டுகள் முதலில் போய்விடுகின்றன. கடைசியில் மிஞ்சுபவை டைபென்சோதயோபீன் வகையறா. அவற்றிலும் கந்தக அணுவின் இருபுறமும் இரண்டு மெத்தில் தொகுதிகள் வாயிற்காவலர்களைப் போல நிற்கும் ஒரு வகை இருக்கிறது. வினையூக்கியின் பரப்பைக் கந்தகம் தொடவே அவை விடுவதில்லை. அவற்றை வழிக்குக் கொண்டுவர அதிக அழுத்தம், அதிக ஹைட்ரஜன், பெரிய ரியாக்டர், நல்ல ரக வினையூக்கி எல்லாமே வேண்டும்.

பழைய ஆலைக்கு இங்கேதான் மூச்சு வாங்குகிறது. இருக்கும் ரியாக்டரின் அழுத்தத்தைக் கூட்டிவிடலாமே என்றால் முடியாது. அது எத்தனை அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதோ அதோடு சரி. சூட்டில் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, அங்குள்ள கரியோடு சேர்ந்து மீத்தேனாகி, உலோகத்தை உள்ளிருந்தே விரிசல் விடச் செய்துவிடும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் கரையான் அரித்ததைப் போல ஆகியிருக்கும். எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில், எந்த எஃகு தாங்கும் என்பதற்கு நெல்சன் வளைகோடுகள் என்று ஒரு படம் உண்டு. அதில் கோட்டுக்கு மேலே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகில் புதுப் பாத்திரம் செய்ய வேண்டும். பல மாதங்கள் உருவாக்கி, சுவர் ஒரு சாண் தடிமனுக்கு வந்து, நூற்றுக்கணக்கான டன் எடையோடு அது வந்து சேரும். அதை இறக்க இடம் வேண்டுமே? ஐம்பதாண்டு ஆலையில் இடமா இருக்கிறது? குழாய்களுக்கு மேல் குழாய். ஒவ்வொரு விரிவாக்கத்தின்போதும் கிடைத்த சந்தில் ஏதோ ஒன்றை நட்டுவைத்திருப்பார்கள்.

ஆலையை நிறுத்தாமல் புதியதை இணைக்க ஒரு தந்திரம் இருக்கிறது. அந்தத் துறையில் அதை 'டை-இன்' என்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பராமரிப்புக்காக ஆலையை மொத்தமாக நிறுத்தும் ஷட்டவுன் வரும். அப்போதே, இன்னும் வரைபடத்தில்கூட முடியாத புதிய அலகுக்காக, பழைய குழாயில் ஒரு கிளை வைத்து, வால்வு மாட்டி, வாயை இரும்புத் தட்டால் மூடிவிடுவார்கள். மூன்று நான்கு வருடம் கழித்துப் புது அலகு எழுந்ததும் தட்டைக் கழற்றி இணைத்தால் போதும். ஒரு முறை ஷட்டவுன் நேரத்தில் மாதிரி எடுக்க ஓர் ஆலைக்குள் போயிருந்தேன். நடுவயதுக்காரரான பைப் பிட்டர் ஒருவர் அப்படி மூடிய வாயில் சாக்பீஸால் எண் எழுதிக்கொண்டிருந்தார். "எப்போது திறப்பார்கள், அண்ணே?" என்று கேட்டேன். "இதைத் திறக்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன், தம்பி. திறக்கிறவனுக்கு எண் தெரிய வேண்டுமே" என்றார். அவர் கையெழுத்து அச்சுக் கோத்ததைப் போல இருந்தது.

அதே ஷட்டவுனில் வினையூக்கி மாற்றுவதையும் தூரத்தில் நின்று பார்த்தேன். இன்று வரை என்னால் மறக்க முடியாத காட்சி. பயன்படுத்தி முடிந்த மணிகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு சல்பைடு, காற்றுப் பட்டால் தானாகத் தீப்பற்றும். ஆகவே ரியாக்டரை நைட்ரஜனால் நிரப்பி வைத்துவிட்டு, ஆக்சிஜனே இல்லாத அந்தக் கிணற்றுக்குள் ஆளை இறக்குகிறார்கள். விண்வெளிக்குப் போகிறவனைப் போலத் தலைக்கவசம். மூச்சுக்காற்று மேலிருந்து குழாய் வழியாக வரும். அந்தக் குழாய் நின்றால் இரண்டே மூச்சில் நினைவு தப்பும். மேலே ஒருவர் கயிற்றையும் கடிகாரத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பார். பெட்ரோல் பங்கில் 'தூய எரிபொருள்' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் ஏணியில் இறங்கியது கண்ணில் வரும்.

பெட்ரோலின் கதை வேறு. பெட்ரோலில் சேரும் கந்தகத்தில் பெரும்பங்கு ஒரே ஒரு அலகிலிருந்து வருகிறது: கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைத்து லேசாக்கும் எஃப்.சி.சி. அலகு. அந்தப் பெட்ரோலை ஹைட்ரஜனில் குளிப்பாட்டினால் கந்தகம் போகும். கூடவே, எஞ்சின் தட்டாமல் ஓட உதவும் ஆக்டேன் தரமும் போகும். ஆக்டேனைத் தூக்கிப் பிடிக்கும் ஓலிஃபின் என்ற மூலக்கூறுகளை ஹைட்ரஜன் நிரப்பி அடக்கிவிடுகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது அழுக்கோடு பொட்டும் மையும் போய்விடுவதைப் போல. ஓலிஃபினைத் தொடாமல் கந்தகத்தை மட்டும் பொறுக்கி எடுக்கும் தனி அலகுகள் இதற்காகவே வந்தன. மணலியில் அப்படிக் கட்டிய பெட்ரோல் கந்தக நீக்க அலகைப் பிரதமர் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் பேச்செல்லாம் பெட்ரோல் விலையைப் பற்றித்தான் இருந்தது. அதையும் குறை சொல்ல முடியாது.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். கந்தகம் குறையக் குறைய அதை எண்ணுகிறவன் பாடுதான் திண்டாட்டம். நான் சேர்ந்தபோது 'பாம்ப்' முறை. தடித்த எஃகுக் குடுவைக்குள் ஒரு துளி எண்ணெயை வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, மின்பொறியால் எரிப்போம். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மையான வீழ்படிவு இறங்கும். வடிகட்டி, சுட்டு, ஆறவைத்து, எடை போட வேண்டும். காலையில் தொடங்கினால் முடிவு வரப் பொழுது சாயும். அந்த வெள்ளைப் பொடியைக் கண்ணால் பார்க்கலாம் என்பதில் ஒரு திருப்தி இருந்தது. கந்தகம் இருக்கிறதா, இதோ இருக்கிறது. பிறகு எக்ஸ்ரே கருவி வந்தது. அதற்குப் பிறகு புற ஊதா ஒளிக் கருவி: எண்ணெயை ஆயிரம் டிகிரியில் எரித்து, வரும் வாயுவின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அது மினுக்கும், மினுக்கத்தை எண்ணினால் கந்தகத்தின் அளவு. ஊசியால் ஒரு சொட்டு விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள் எண் தயார். கண்ணால் பார்க்க எதுவும் இல்லை.

பத்து பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. அந்த அளவில் உலகம் முழுக்கக் கந்தகமாகத் தெரியத் தொடங்குகிறது. புதிய விதி வரவிருந்த சமயம், ஒரு வாரம் முழுக்க எங்களுக்கு ஒரே மாதிரியில் எண் தாறுமாறாக வந்தது. காலையில் எட்டு, மதியம் பதினான்கு, மறுநாள் பதினொன்று. லாரியைச் சந்தேகித்தோம். முந்தைய நடையில் மண்ணெண்ணெய் ஏற்றியிருந்தால் அதன் மிச்சமே போதும். லாரி சுத்தமாக இருந்தது. கருவியைச் சந்தேகித்தோம், கந்தக அளவு முன்பே தெரிந்த நியமக் கரைசலில் சரியாகக் காட்டியது. என்னோடு வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி, அப்போது சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மாதிரி பாட்டிலின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இந்த ரப்பர் வளையம் எதனால் ஆனது?" என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன். ரப்பரை இறுக்குவதே கந்தகம் சேர்த்துத்தான். பாட்டில் நிமிர்ந்து இருந்தால் எட்டு. பையில் சாய்ந்து வந்தால் டீசல் ரப்பரை நனைத்து பதினான்கு. முப்பது வருடம் அதே வளையத்தைத்தான் பயன்படுத்தியிருந்தேன். மூட்டைக் கணக்கில் இருந்தவரை அது தெரியவில்லை.

குழாய்வழியிலும் இதே தொல்லைதான். ஒரே குழாயில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று அடுத்தடுத்து அனுப்புவார்கள். நடுவே சுவர் கிடையாது, இரண்டும் தொடும் இடத்தில் கொஞ்சம் கலக்கும். பழைய கணக்கில் அந்தக் கலப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. பத்து பிபிஎம் டீசலுக்கு முன்னாலோ பின்னாலோ கந்தகம் நிறைந்த மண்ணெண்ணெய் போனால், கலந்த பகுதியைத் தனியாக ஒதுக்க வேண்டும். இதனால் ஆலையை மட்டும் புதுப்பித்தால் போதாது என்றாயிற்று. டேங்க், குழாய், லாரி, கிடங்கு, கடைசியில் என் பாட்டில் மூடி வரை எல்லாவற்றையும் அலச வேண்டியிருந்தது.

2020 ஏப்ரல் 1. அந்த நாளுக்காக நாங்கள் ஓராண்டு தயாரானோம். டெல்லியைப் போல முன்பே மாறிய சில இடங்கள் தவிர, நாடே ஒரே நாளில் பத்து பிபிஎம்முக்கு மாறுகிறது. பாரத் ஸ்டேஜ் 5ஐத் தாண்டிக் குதித்து நேரே 6. உலகிலேயே தூய்மையான எரிபொருட்களில் ஒன்று நம் பெட்ரோல் பங்குகளில். வந்தது, ஆனால் வாங்க ஆளில்லை. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தியாவசியப் பணி என்ற சீட்டைக் காட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும் சாலையில் ஒரு நாய் படுத்திருந்தது. வானம் நான் சிறுவயதில்கூடப் பார்த்திராத நீலம். அன்று கருவி காட்டிய எண் எட்டோ ஒன்பதோ. வானம் சுத்தமாக இருந்ததற்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது.

சரி, மூட்டை எங்கே போயிற்று?

ரியாக்டரிலிருந்து வந்த ஹைட்ரஜன் சல்பைடை அமீன் கரைசல் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து கிளாஸ் அலகுக்குப் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் பிரீட்ரிக் கிளாஸ் கண்டுபிடித்த முறையின் திருத்திய வடிவம்தான் இன்றும்: வாயுவில் ஒரு பகுதியை எரித்து, மீதியோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்து தண்ணீரும் தூய கந்தகமும் ஆகும். மஞ்சள் கட்டியாக லாரியில் ஏறி கந்தக அமில ஆலைக்கும் உரத்துக்கும் போகிறது. இந்தப் பகுதி எனக்குப் பிடித்தமானது. புகையாகப் போயிருக்க வேண்டியது வயலுக்கு எருவாகப் போகிறது. இதில் குறைசொல்ல எதுவுமில்லை.

ஆனால் அதுவே முழுக்கதை அல்ல. ஊரெல்லாம் பரவிக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் சுவாசித்த கந்தகம், இப்போது ஒரே இடத்தில், நஞ்சு வாயுவாகக் குவிக்கப்படுகிறது. அந்த இடத்துக்குப் பெயர் மணலி. ஹைட்ரஜன் சல்பைடில் கொடுமை என்னவென்றால், கொஞ்சமாக இருந்தால் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைந்தவன் செத்துப்போவான். ஆலைக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதுதான்: மூக்கை நம்பாதே, கம்பத்தில் ஆடும் துணிக்குழாயைப் பார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்குக் குறுக்கே ஓடு.

ஹைட்ரஜன் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. நாப்தாவையோ இயற்கை எரிவாயுவையோ நீராவியோடு சேர்த்துச் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறும். எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த பிறகு நாப்தாவுக்குப் பதில் எரிவாயு என்ற மாற்றம் நடந்தது, கொஞ்சம் மேல். நீராவிக்குத் தண்ணீர் வேண்டும். சென்னையில் தண்ணீர்! இங்கே ஆலையைப் பாராட்டியே ஆக வேண்டும். நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதை அவர்கள் 1991லேயே தொடங்கிவிட்டார்கள். அப்போது அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையும் வைத்துக்கொண்டார்கள். 2019 கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் லாரியின் பின்னால் ஓடியபோது அந்தச் சுளிப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

அடி வண்டலுக்கும் வழி தேட வேண்டியிருந்தது. கப்பல் எரிபொருளில் கந்தகம் மூன்றரை சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி முதல் அரை சதவீதமாக்கியது. பழைய பர்னஸ் ஆயிலுக்குச் சந்தை சுருங்கியது. மணலியில் அதற்கு முன்பே, 2017 வாக்கில், வண்டலை உடைத்து டீசலாகவும் மற்றதாகவும் மாற்றும் கோக்கர் அலகு வந்துவிட்டது. அதில் மிஞ்சுவது பெட்கோக் என்னும் கருங்கட்டி. கந்தகத்தின் ஒரு பகுதி அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அதை யாரோ, எங்கோ எரிப்பார்கள்.

எல்லாப் பழைய ஆலைக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் இதே நிறுவனத்தின் சிறிய ஆலை ஒன்று 1993 முதல் காவிரிப் படுகை எண்ணெயைச் சுத்திகரித்து வந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன். அத்தனை சிறிய ஆலைக்கு பாரத் ஸ்டேஜ் 6 அலகுகளைக் கட்டினால் வரவு செலவுக்குக் கட்டாது. 2019இல் நிறுத்திவிட்டார்கள். அதே இடத்தில் 90 லட்சம் டன்னில் புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டுவைத்தியர் கடையை மூடிவிட்டுப் பெரிய மருத்துவமனை கட்டுகிற மாதிரி. மணலிக்குப் பெரிய உருவமும், துறைமுகமும், சென்னை என்னும் சந்தையும் இருந்ததால் தப்பித்தது.

மணலியில் எனக்கு வழக்கமான டீக்கடை ஒன்று இருந்தது. கடைக்கார அக்காவுக்குக் காற்றின் திசை அத்துப்படி. "இன்றைக்குத் தெற்குக் காற்று, துணி காயப்போடலாம்" என்பார். நான் எரிபொருளைச் சோதிக்கிறவன் என்று தெரிந்ததும் ஒரு நாள் கேட்டார்: "டீசலெல்லாம் சுத்தமாகிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். எங்களுக்கு ஏன் இன்னும் ராத்திரியில் தொண்டை எரிகிறது, சார்?" அந்தப் பகுதியில் ஒரு ஆலையா இருக்கிறது, இரண்டா இருக்கிறது, உரம், ரசாயனம், அனல்மின் நிலையங்கள், நாளெல்லாம் உறுமும் லாரிகள். எதைக் கைகாட்டுவது? 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மாநில வாரியம் சுத்திகரிப்பு ஆலையைச் சுட்டியது. நிறுவனம் குழாயில் கசிவு இல்லை என்றது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. மீனவர்கள் பக்கெட்டில் எண்ணெயை அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். படகுகளின் அடிவயிற்றில் கரி பூசியதைப் போல ஒட்டியிருந்தது. அக்காவின் கேள்விக்கு நான், "இங்கே ஆலைகள் அதிகம் அக்கா" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நகரத்தின் தெருக்களில் காற்று மேம்பட பத்து பிபிஎம் உதவியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை மறுப்பவர்கள் தொண்ணூறுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனதில்லை. என் ஆத்திரம் வேறு: எண்ணெயில் கந்தகத்தை அளக்க, லட்சக்கணக்கில் கருவி வாங்கி, ரப்பர் வளையம் வரை சந்தேகப்பட்டோம். அந்தக் கந்தகத்தை எடுத்துத் தரும் ஊரின் காற்றில், அதே கறாரோடு, அதே எட்டா பதினான்கா என்ற பதற்றத்தோடு யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க முடியாததல்ல. கருவியின் அடிப்படை அதேதான்.

போன ஆண்டு ஓய்வுபெற்றேன். மேசையைக் காலி செய்தபோது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே எப்போதோ ஒருவர் கொடுத்த கந்தகக் கட்டி, எலுமிச்சை அளவு. கிளாஸ் அலகிலிருந்து வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். பேத்தி எடுத்துப் பார்த்தாள். "இது என்ன, தாத்தா?"

"கந்தகம். டீசலுக்குள் இருந்தது. நாறும், பார்த்துக்கொள்."

மூக்கருகே வைத்து இழுத்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள்.

"ஒன்றும் நாறவில்லையே, தாத்தா."

வாங்கி நானும் முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.